வெள்ளைத் துணியில் நீலம்

லூயிஸ்டவுன், மொன்டானா
ஜூன் 12

அன்புள்ள டோவா,

நீ மலைக்கு ஏறிப் போன மறுநாளே எழுத நினைத்தேன். ரூனாவுக்கு இரண்டு பல் சேர்ந்தாற்போல முளைக்கின்றன, அதனால் இந்த வீட்டில் யாரும் எதையும் முடித்ததில்லை. இப்போது தூங்குகிறாள். நான் பேனாவைக் கீழே வைக்கும் சத்தத்துக்குக்கூட எழுந்துவிடுவாள் என்பதால் விடாமல் எழுதுகிறேன்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ரிவால்வரை ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகச் சுட்டேன். ஜல்லிக் குழிக்கு உன் அண்ணன் எமெட்தான் அழைத்துப் போனான். காபி டப்பா ஒன்றை வைத்தான். ஆறு தோட்டாவில் ஒன்று டப்பாவில் பட்டது. மற்ற ஐந்தும் மொன்டானாவில் எங்கோ இருக்கின்றன. எமெட் கைதட்டினான். காரில் உட்கார்ந்திருந்த என் மாமியார், அதாவது உன் அம்மா, ரூனாவின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "விறகுக் குவியல்ல பாம்பு வந்தா இவ சுடவேண்டாம்டா, சத்தத்துலயே அது செத்துப்போயிடும்" என்றார்.

சிரித்தேன். ஆனால் எமெட் சரக்கு ரயிலை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மூன்று நாள் நானும் குழந்தையும் மட்டும்தான். பக்கத்து வீட்டு விளக்குகூட இங்கிருந்து தெரியாது. போன வருடம் விறகுக்குள் வாலைக் கிலுகிலுவென்று ஆட்டிய அந்தப் பாம்பைப் பார்த்ததிலிருந்து ரூனாவின் கிலுகிலுப்பையை யாராவது ஆட்டினாலே துள்ளி எழுகிறேன். அதனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். துப்பாக்கி ஒரு அறையில் பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு அறையில். இரண்டு சாவியும் என் கழுத்தில். சர்ச்சில் எல்லோரும் அது என்ன நகை என்று கேட்கிறார்கள்.

பிரச்சினை அதுவல்ல. சுட்டால் சுத்தம் செய்ய வேண்டுமாமே. கடைக்குப் போனேன். டோவா, ஒரு சுவர் முழுக்கப் புட்டிகள்! ஒன்று ஆரஞ்சு வாசனை, ஒன்று வாழைப்பழ வாசனை, ஒன்று வாசனையே இல்லாதது, நுரைப்பது ஒன்று, தெளிப்பது ஒன்று, "மிக வலிமையானது" என்று மஞ்சள் எழுத்தில் கத்துவது ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் படக்கூடாது, தோலில் படக்கூடாது, மூச்சில் படக்கூடாது. இடுப்பில் இருக்கும் ரூனாவோ கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கிறவள். கடைக்கார வெர்லா பக்கத்தில் வந்தார்.

"என்ன கண்ணு, துப்பாக்கிக்கு வாங்க வந்தியா, குழந்தைக்கா?"

"துப்பாக்கிக்குத்தான். ஆனா குழந்தை தொட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது."

"அப்போ சுடாம இரு. அதுதான் பாதுகாப்பு."

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். எது வாங்குவது என்று நீ சொல். நீ சுடும் போட்டியில் பரிசு வாங்கியவள். உனக்குத் தெரியும்.

இன்னொன்று. பள்ளியில் ஆகஸ்டு பத்துக்குள் பதில் கேட்கிறார்கள். மறுபடி பாடம் நடத்த வருகிறேனா, இல்லையா என்று. செப்டம்பரில் பனி விழுந்து, நீ காட்டுத்தீக்குக் காவல் இருக்கும் அந்தக் கோபுரத்தை மூடியதும், எங்கள் பின்னறையில் தங்கி ரூனாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. யோசிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. போனமுறை டயப்பரை முன்னும் பின்னுமாக மாட்டினாயே, அது ஒன்றும் காரணமில்லை.

அன்புடன்,
மாரிட்


காட்டுப்பூனை முகடு, கண்காணிப்புக் கோபுரம்
ஜூன் 25

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. சாமானும் தபாலும் கொண்டுவரும் வன அலுவலகத்து ஆர்லினின் கோவேறு கழுதைகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மேலே வருகின்றன. அரிசி, பீன்ஸ், மண்ணெண்ணெய், நீ, இந்த வரிசையில் இறக்கினான். இங்கே வயர்லெஸ் இருக்கிறது. ஆனால் தீயைத் தவிர வேறெதுவும் அதில் பேசக்கூடாது. உன் மூளையில் பற்றியிருப்பதைத் தீ என்று சொல்லலாம், ஆனாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

கவனமாகக் கேள். ஒரு கம்பி. அதன் நுனியில் திருகுகிற வெண்கலப் பிரஷ் ஒன்று, 38 அளவு. எமெட்டின் கிழிந்த ஃப்ளானல் சட்டையைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக்கொள். வாழைப்பழ வாசனைப் புட்டி, சின்னது. ஒரு துளி எண்ணெய். பழைய பல் துலக்கும் பிரஷ். முடிந்தது. மீதிச் சுவர் முழுக்க உன்னைப் போல கவலைப்படுகிறவர்களுக்காக வைத்தது.

தோட்டா இல்லை என்று பார். மறுபடி பார். நீ மூன்றாம் முறையும் பார்ப்பாய், அது தெரியும். தோட்டா போடும் உருளையைத் திறந்து வைத்துக்கொண்டே செய். வீட்டுக்குள் வேண்டாம், வராந்தாவில் செய். அதில் ஈயத்தூள் இருக்கும். கையுறை போடு. வேலை முடிந்ததும் அந்தச் சட்டையை வெளியிலேயே கழற்று. குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவு. அப்புறம் ரூனாவைத் தூக்கு. நான் ஒன்றும் நீ நினைக்கிற அளவுக்குப் பொறுப்பில்லாதவள் இல்லை பார்.

உனக்குக் கொடுக்கும்போது அதைக் குழந்தை முகம் மாதிரி துடைத்துத்தான் கொடுத்தேன். அதனால் ஆறு தோட்டா அழுக்குக்குக் கால் மணி நேரம் போதும்.

டயப்பர் அன்று சரியாகத்தான் இருந்தது. குழந்தைதான் திரும்பிக்கொண்டாள்.

டோவா


லூயிஸ்டவுன்
ஜூலை 9

டோவா,

உன் கடிதம் வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. அழுக்கோடு ஒரு துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பே தூங்க விடவில்லை. மறுபடி வெர்லாவிடம் போய் அந்த மஞ்சள் எழுத்துப் புட்டியை வாங்கினேன். கூடவே கம்பி, வெண்கலப் பிரஷ், வெட்டி வைத்த துணிச் சதுரங்கள் ஒரு பை, ஈயத்தைத் துடைக்கும் ஈரத் துணி, மூக்கு மூடி, எண்ணெயில் மூன்று வகை. வெர்லா பையைக் கட்டிக்கொடுக்கும்போது, "யாருக்காவது பிரசவம் பார்க்கப் போறியா?" என்றார்.

எல்லாம் நீ சொன்னபடிதான் செய்தேன், சொல்லும் முன்னாலேயே. வராந்தா, கையுறை, எமெட்டின் பழைய சட்டை. புட்டியைத் திறந்ததும் அம்மோனியா என்று மூக்கு சொல்லிவிட்டது. பிரஷை அதில் நனைத்துக் குழலுக்குள் விட்டுத் தேய்த்தேன். பிறகு துணியைச் செலுத்தி எடுத்தேன்.

நீலம். நீயே பார், ஒரு துண்டு உள்ளே வைத்திருக்கிறேன். (பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். திறந்தால் கை கழுவு.)

தோட்டா உறையின் செம்பு குழலில் படிந்திருந்தால் துணி நீலமாகும், வெள்ளையாக வரும்வரை விடாமல் தேயுங்கள் என்று புட்டியில் போட்டிருக்கிறது. தேய்த்தேன். நீலம். மறுநாள் தேய்த்தேன். நீலம். எமெட் ரயிலிலிருந்து வந்தபோது வராந்தாவில் நீலத் துணி ஒரு குவியலாகக் கிடந்தது.

"மாரிட், அது இரும்பு. நீ வேகவைக்கிற பால் புட்டி இல்ல."

"உள்ளே இன்னும் அழுக்கு இருக்கு."

"அப்படியே தேய்ச்சுட்டு இரு, கொஞ்ச நாள்ல அது பீரங்கி ஆயிடும்."

அவனுக்கு எல்லாம் வேடிக்கை. எனக்கு இல்லை. இத்தனை செம்பு ஆறு தோட்டாவில் வராது, டோவா. பல வருடங்களாகப் படிந்தது. நீ ஒருநாளும் இதைச் சுத்தம் செய்ததில்லை. செய்ததாக என்னிடம் சொன்னாய். குழந்தை முகம் என்று வேறு எழுதுகிறாய்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிடுகிறேன். வாயால் ஒன்று சொல்லி, கையால் ஒன்று செய்கிறவளிடம் என் பெண்ணை எப்படி விடுவேன்? சாப்பிட்டாள் என்று நீ சொன்னால் சாப்பிட்டாளா? தூங்கினாள் என்றால் தூங்கினாளா? செப்டம்பருக்கு நீ வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

மாரிட்


காட்டுப்பூனை முகடு
ஜூலை 15

மாரிட்,

நீ அனுப்பிய துணி அழகான நீலம். ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேகம் இல்லாத நாள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு கோபுரத்தின் நான்கு பக்கக் கண்ணாடியையும் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். இந்தக் கடிதத்துக்காக ஆர்லின் கீழே கழுதைகளோடு காத்திருக்கிறான், மேலே என்னைப் பார்க்க யாரும் இல்லை, பருந்து ஒன்றுதான் இருக்கிறது. அது சாட்சி சொல்லும்.

ஒயிட்ஃபிஷ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் குளிர்காலம் முழுக்கக் காவலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ரூனாவுக்காக மே மாதம் வேண்டாம் என்றேன். இப்போது மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார்கள். சரி என்று சொல்லப் போகிறேன். இன்றைக்கே அனுப்பியிருப்பேன். என்னிடம் தபால்தலை ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, அது உனக்குப் போகிறது. என் புத்தி அப்படி. ஆர்லின் அடுத்தமுறை தபால்தலை கொண்டுவருவான், அப்போது அந்தக் கடிதம் போகும்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், சமாதானத்துக்காக இல்லை, அந்தத் துப்பாக்கியின் மானத்துக்காக. நான் அதை வாங்கிய நாள் முதல் வெறும் ஈயத் தோட்டாதான் போட்டிருக்கிறேன். செம்பு உறை போட்டதை நான் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. எமெட் உனக்குக் கொடுத்த ஆறும் என் பெட்டியிலிருந்து எடுத்தவை. போய்க் கேள். அதன் வாழ்நாளில் அந்தக் குழல் வழியாக ஒரு துளி செம்பு போனதில்லை. உன் நீலம் எங்கிருந்து வருகிறதோ எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து வரவில்லை.

ரூனாவுக்கு என் முத்தம். கழுவிய வாயால்தான்.

டோவா


லூயிஸ்டவுன்
ஜூலை 22

டோவா, டோவா, டோவா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், விடுதிக்காரர்களுக்குக் கடிதம் அனுப்பாதே. அனுப்பாதே! இப்போது உட்கார். மீதியைச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். முதலில் நம்பவில்லை. எமெட்டிடம் கேட்டேன். "ஆமா, ஈயந்தான். அவ கஞ்சம், உனக்குத் தெரியாதா?" என்றான். அப்புறம் அடுப்பில் கேரட் வேகிறது, ரூனா கரண்டியால் நாற்காலியை அடிக்கிறாள், நான் அப்படியே நின்றேன். துப்பாக்கி எஃகு. தோட்டா ஈயம். நீலம் செம்பிலிருந்துதான் வர முடியும். அப்படியானால் அந்த வராந்தாவில் செம்பு வேறு எதில் இருந்தது?

என் கையில் இருந்தது.

ஓடிப்போய் வராந்தாவில் ஒரு உடைந்த தட்டை வைத்தேன். அதில் புத்தம்புதுத் துணிச் சதுரம் ஒன்று. அந்தப் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டித்தான் இருந்தது, அதைத் தொடவே இல்லை. வெண்கலப் பிரஷை மட்டும் துணிமேல் படுக்க வைத்துவிட்டு, ரூனாவுக்கு டயப்பர் மாற்றப் போனேன். அவள் ஒத்துழைக்காததால் கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பி வந்து பிரஷைத் தூக்கினேன்.

பிரஷ் வடிவத்திலேயே நீலம். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கோடு.

வெண்கலத்தில் பத்தில் ஒன்பது பங்கு செம்புதான், டோவா! செம்பைக் கரைக்கும் புட்டியை வாங்கி, செம்பாலான பிரஷை அதில் நனைத்து, கரைந்து வந்ததைத் துணியில் பார்த்துவிட்டு, உன்னைத் திட்டியிருக்கிறேன். அம்மோனியாவில் செம்பு நீலமாகும் என்று ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்புக்கு நானே சோதனைக் குழாயில் செய்து காட்டுகிறேன். "பாருங்கள், எவ்வளவு அழகான நீலம்!" என்று நானே சொல்வேன். தேய்க்கத் தேய்க்க நீலம் வந்தது, வந்ததால் தேய்த்தேன், பிரஷ் பாதியாகிவிட்டது.

வராந்தாப் படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். எமெட் வெளியே வந்தான். காட்டினேன். குனிந்து தட்டைப் பார்த்தான்.

"அப்போ நீ இத்தனை நாளா எதைச் சுத்தம் பண்ணிட்டு இருந்தே?"

"பிரஷை."

"பளபளன்னு ஆகியிருக்கணுமே."

உன் அண்ணன் இதை ரயில் நிலையம் முழுக்கச் சொல்லப் போகிறான். சொல்லட்டும்.

இனி சிரிக்க முடியாத பகுதி. நான் எழுதியதை நினைத்தால் காது சுடுகிறது. உன்னிடம் ரூனாவை விடுவதற்குத்தான் பயம் என்று நினைத்தேன். அது உண்மையில்லை. யாரிடம் விடவும் பயம். அதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தபோது அந்த நீலம் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். எனக்குப் பாடம் நடத்த ஆசையாக இருக்கிறது. அவளை விட்டுப் போகவும் முடியவில்லை. யாரிடமாவது விட்டுத்தான் போக வேண்டுமென்றால், அது நீயாகத்தான் இருக்க வேண்டும். அவள் உன்னைப் பார்த்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்தால் வாயால் மட்டும்தான்.

வருவாயா? தயவுசெய்து.

இதைத் தபாலில் போட எனக்குத் தைரியமில்லை. வன அலுவலகத்துக்கே காரில் போய் ஆர்லின் கையில் கொடுக்கப் போகிறேன்.

உன்
மாரிட்

பி.கு.: கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்கி, உறையைப் பிரித்து இதை எழுதி மறுபடி ஒட்டுகிறேன். "அவசரம், முதல் வேலையா குடுத்துடுங்க" என்றேன். "நான் அவசரப்படுவேம்மா, கழுதைகிட்ட நீங்கதான் பேசணும்" என்றார். பேசிவிட்டேன்.


காட்டுப்பூனை முகடு
ஜூலை 30

டீச்சரம்மா,

இதை எழுதும்போது என் கால் ஒரு வாளித் தண்ணீரில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ஆர்லின் வந்தான். தபால்தலை கொடுத்தான். விடுதிக்கான கடிதத்தை மூடி, ஒட்டி, அவன் பையில் நானே போட்டேன். அதன் பிறகுதான் உன் கடிதத்தை நீட்டினான். "உங்க அண்ணி கழுதை காதுல ஏதோ சொல்லிட்டுப் போச்சு. வழியெல்லாம் அது நிக்கவே இல்ல" என்றான். உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது. பிரிக்காமல் பீன்ஸ் டப்பாவுக்கு அடியில் சொருகினேன். ஆர்லின் காபி குடித்தான், வானத்தைப் பார்த்து மழை வராது என்றான், போய்விட்டான்.

அப்புறம் ஒரு மணி நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

மூன்று முறை என் பெயரைப் போட்டு ஆரம்பிக்கிறாயே, மனுஷி! "அனுப்பாதே" வரைக்கும்தான் படித்தேன். அப்படியே ஓடினேன். வீட்டுச் செருப்போடு. கோபுரத்துப் படி எழுபதையும் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. பாதை முழுக்கக் கூழாங்கல். ஒரு செருப்பு ஓடையில் போய்விட்டது. கத்திக்கொண்டே ஓடினேன். பாதி மலை இறங்கிய பிறகு, கழுதைகள் தண்ணீர் குடிக்க நிற்கும் இடத்தில், ஆர்லின் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு.

"எங்கே தீ? எந்தப் பக்கம்?"

"தீ இல்ல. கடிதம். என் கடிதத்தைக் குடு."

"அரசாங்கத் தபால். பையில போட்டா அது எனக்கும் சொந்தமில்ல, உனக்கும் சொந்தமில்ல."

"ஆர்லின், வெண்கலப் பிரஷ்ல செம்பு இருக்கு."

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஓடும்போதே அடுத்த பக்கத்தையும் பார்த்துவிட்டேன் போல. என்னை மேலும் கீழும் பார்த்தான். ஒற்றைச் செருப்பு. கையில் உன் கடிதம். பிறகு பையை அவிழ்த்துக் கழுதைமேல் தொங்கவிட்டு, "நான் தண்ணி குடிக்கப் போறேன். நான் திரும்பி வரும்போது பை எப்படி இருந்ததோ அப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். பை அப்படியேதான் இருந்தது. ஒரு கடிதம் மட்டும் குறைச்சல்.

இதற்கிடையில் நான் மதிய வயர்லெஸ்ஸுக்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி ஏறி வந்தபோது கருவி அலறிக்கொண்டிருந்தது. கரடி பிடித்துவிட்டது என்று முடிவு பண்ணி ஆள் அனுப்பத் தயாராகிவிட்டார்கள். "குடும்ப விஷயம்" என்றேன். "குடும்பத்தில் தீயா?" என்றார்கள். "அணைந்துவிட்டது" என்றேன். வயர்லெஸ்ஸில் பேசக்கூடாததைப் பேசியதற்கு நாளை ஒருவர் கண்டிப்புக் கடிதத்தோடு மேலே வருகிறாராம், இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

செப்டம்பரில் வருகிறேன். முதல் பனி விழுந்த மறுநாள். பள்ளிக்கு ஆமாம் என்று சொல். தள்ளிப் போடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

நானும் ஒன்று சொல்லட்டுமா? உன் கோபக் கடிதம் வந்தபோது எனக்கு வலித்தது துப்பாக்கியைப் பற்றி நீ சொன்னது அல்ல. உண்மையிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா எனக்கு என்று நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஒன்பது மாதக் குழந்தை எதற்கு அழுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே புகை எது, மேகம் எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு கோடைக்காலம் ஆயிற்று.

பயந்தவர்கள் இரண்டு பேராய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

டோவா


லூயிஸ்டவுன்
ஆகஸ்டு 6

அன்புள்ள டோவா,

பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆமாம், நான்குநாள் முன்னதாகவே. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் பாடிக்கொண்டே ஓட்டி வந்தேன். ரூனா பின்னிருக்கையில் தலையை ஆட்டினாள். தாளத்துக்கு இல்லை, பாதை அப்படி.

மஞ்சள் எழுத்துப் புட்டியை வெர்லாவிடம் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னபோது மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். வாழைப்பழப் புட்டியும் புதுப் பிரஷும் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜல்லிக் குழிக்குப் போனோம். ஆறில் மூன்று. டப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்கிறான் எமெட். வராந்தாவில் உட்கார்ந்து நீ சொன்னபடி செய்தேன். முதல் துணி கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது வெள்ளை. இன்னொன்றைக் கையில் எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவ்வளவுதான். நீ நம்ப மாட்டாய்.

பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. ஜன்னல் மேற்குப் பக்கம், உனக்கு மலை தெரியும். உன் கால் ஆறட்டும், அவசரப்பட்டு இறங்காதே. அந்த ஒற்றைச் செருப்புக்கு ஜோடி கடையில் கிடைக்காது, புதிதாக வாங்கி வைக்கிறேன்.

ரூனாவைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எப்போது பால், எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் படுக்க வைத்தால் தூங்குவாள், எந்தப் பாட்டுக்கு அழுவாள், கேரட் எவ்வளவு மசிய வேண்டும், மூக்கு அடைத்தால் என்ன, தும்மினால் என்ன, தும்மாவிட்டால் என்ன. நான்கு பக்கம் ஆயிற்று. எமெட் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"டோவா இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ரூனா காலேஜுக்குப் போயிடுவா."

நான்கையும் கிழித்தேன். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. உனக்கு அனுப்ப ஒரே ஒரு வரிதான் மிச்சம். அவளுக்கு வாழைப்பழம் பிடிக்கும், தோலோடு கையில் கொடுத்துவிடாதே.

மற்றதையெல்லாம் அவளே உனக்குச் சொல்வாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள், அவ்வளவுதான்.

உன்
மாரிட்